சன் டிவி நெட்வொர்க் எதையெல்லாம் வைத்திருக்கிறது? டிவி, ரேடியோ உரிமங்களின் உண்மைக் கணக்கு

சன் டிவி, கேடிவி, சூரியன் எஃப்எம், ரெட் எஃப்எம், சன் டைரக்ட், தினகரன், சன் பிக்சர்ஸ், சன்ரைசர்ஸ் எல்லாவற்றையும் செய்திகள் "சன் குழுமம்" என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகின்றன. பங்குச் சந்தையில் "சன் டிவி பங்கு ஏறியது" என்று படிப்பவர், இவை அனைத்தும் அந்தப் பங்குக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். டிடிஎச் கட்டணம் உயர்ந்தால் அந்த லாபமும் அதே கம்பெனிக்குத்தான் போகிறது என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டும் தவறு.

குழுமம் என்ற பெயருக்கு எந்த அமைச்சகமும் ஒளிபரப்பு உரிமம் கொடுப்பதில்லை. உரிமம் எப்போதும் பதிவு பெற்ற ஒரு தனிக் கம்பெனியின் பெயரில்தான் இருக்கும். எந்த உரிமம் எந்தக் கம்பெனியிடம் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிச்சத்தைப் புரிந்துகொள்ள, டிவிக்கும் ரேடியோவுக்கும் டிடிஎச்சுக்கும் அரசு வெவ்வேறு காலத்தில் எழுதிய விதிகளைப் பார்க்க வேண்டும். இவற்றை நடத்தும் மாறன் குடும்பத்தின் கம்பெனிகள் இப்படிப் பிரிந்து கிடப்பதில் அந்த விதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

பட்டியலிட்ட கம்பெனிக்குள் இருப்பவை

சன் டிவி நெட்வொர்க் லிமிடெட் 1985இல் சுமங்கலி பப்ளிகேஷன்ஸ் என்ற பெயரில் பதிவானது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. உதயா டிவி (கன்னடம்), ஜெமினி டிவி (தெலுங்கு), சூர்யா டிவி (மலையாளம்) ஆகியவை 1990களிலேயே வந்துவிட்டன. ஆனால் தொடக்கத்தில் எல்லாம் ஒரே கம்பெனியில் இல்லை. 2006 ஏப்ரலில் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்ததை ஒட்டித்தான் உதயா, ஜெமினி கம்பெனிகள் தாய்க் கம்பெனியோடு இணைக்கப்பட்டன.

இப்போது இந்தக் கம்பெனிக்குள் இருப்பவற்றை இப்படி வரிசைப்படுத்தலாம்:

1. நான்கு தென்மொழிகளிலும், வங்காளி (2019), மராத்தி (2021), இந்தி ஆகியவற்றிலும் முப்பதுக்கும் மேற்பட்ட சேனல்கள். எச்டி வடிவத்துக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால் சன் டிவியும் சன் டிவி எச்டியும் கணக்கில் இரண்டு சேனல்கள். சேனல் எண்ணிக்கையை ஒப்பிடும்போது பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.
2. சென்னை, கோவை, திருநெல்வேலி ஆகிய மூன்று ஊர்களின் எஃப்எம் ரேடியோ. மற்ற ஊர்களின் ரேடியோவைப் பற்றிக் கீழே தனியாகப் பார்ப்போம்.
3. சன் பிக்சர்ஸ். இது தனிக் கம்பெனி இல்லை, ஒரு பிரிவு. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கணக்கு பட்டியலிட்ட கம்பெனியின் புத்தகத்தில்தான் ஏறும்.
4. 2017இல் தொடங்கிய சன் நெக்ஸ்ட் ஓடிடி தளம்.
5. சன்ரைசர்ஸ் ஹைதராபாத் ஐபிஎல் அணி. 2012இல் ஆண்டுக்கு ரூ.85.05 கோடி என்ற ஏலத்தொகைக்கு எடுக்கப்பட்டது. பின்னர் தென்னாப்பிரிக்க லீகில் சன்ரைசர்ஸ் ஈஸ்டர்ன் கேப் அணியும் சேர்ந்தது.

ஐந்தாவது விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. அணி இவர்களுடையது, ஆனால் ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை இவர்களுடையது இல்லை. 2023 முதல் 2027 வரையிலான உரிமைகளை பிசிசிஐ ரூ.48,390 கோடிக்கு வேறு நிறுவனங்களுக்கு விற்றது. அந்தத் தொகையில் அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பங்குதான் சன்ரைசர்ஸ் வழியாக இந்தக் கம்பெனிக்கு வருகிறது. ஆக, டிவி நிறுவனம் ஒன்று போட்டி டிவி நிறுவனத்திடமிருந்து வரும் பணத்தில் சம்பாதிக்கிறது.

கம்பெனியின் 75 விழுக்காடு பங்குகள் நிறுவனர் கலாநிதி மாறன் தரப்பிடம் உள்ளன. பட்டியலிட்ட கம்பெனியில் பொதுமக்கள் கையில் குறைந்தது 25 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. எனவே அனுமதிக்கப்பட்ட உச்ச அளவில்தான் நிறுவனர் நிற்கிறார்.

வெளியே இருப்பவை

தினகரன், குங்குமம் போன்ற அச்சு இதழ்கள் கல் பப்ளிகேஷன்ஸ் என்ற தனியார் கம்பெனியைச் சேர்ந்தவை. சுமங்கலி கேபிள் விஷன் என்று ஊர் அறிந்த கேபிள் தொழில் கல் கேபிள்ஸ் என்ற கம்பெனியுடையது. சன் டைரக்ட் டிடிஎச், சன் டைரக்ட் டிவி என்ற இன்னொரு கம்பெனியுடையது. அது மாறன் குடும்பமும் மலேசியாவின் ஆஸ்ட்ரோவும் சேர்ந்து தொடங்கியது. 2010 முதல் 2015 தொடக்கம் வரை ஸ்பைஸ்ஜெட் விமான நிறுவனத்தில் இருந்த முதலீடும் நிறுவனர் தரப்பின் தனி முதலீடுதான். சன் டிவி பங்கு வைத்திருந்தவர்களுக்கு அந்த லாபத்திலும் நட்டத்திலும் நேரடிப் பங்கு கிடையாது.

சன் டைரக்ட் ஏன் வெளியே இருக்கிறது? 2001இல் வந்த டிடிஎச் வழிகாட்டு நெறிகளில், ஒளிபரப்பு நிறுவனங்களும் கேபிள் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு டிடிஎச் கம்பெனியில் 20 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. சேனல் நடத்துபவரே அந்தச் சேனலை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் குழாயையும் வைத்திருந்தால், போட்டி சேனல்களை அமுக்கிவிடுவார் என்ற அச்சம்தான் காரணம். எனவே 2007 டிசம்பரில் சன் டைரக்ட் தொடங்கியபோது அதைச் சன் டிவியின் துணை நிறுவனமாக வைக்க வழியே இல்லை. ஆனால் விதி தடுத்தது கம்பெனியின் கையை மட்டுமே. அந்தக் கம்பெனியின் உரிமையாளர் தன் சொந்தக் கம்பெனி வழியாகப் பங்கு வைத்திருப்பதை அது தடுக்கவில்லை. விதியின் எழுத்து காப்பாற்றப்பட்டது, நோக்கம் பாதிதான் நிறைவேறியது என்பதே சரியான மதிப்பீடு.

பிரிந்து இருப்பதால் இடரும் பிரிகிறது. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகடு ஒன்றில் கோளாறு வந்து, சேனல்களை வாங்கி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவிகள் சிலவற்றை அணைக்க வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் வாடிக்கையாளர்கள் பலர் சேவையை இழந்தார்கள். கம்பெனி மீசாட்-3 என்ற செயற்கைக்கோளுக்கு மாற வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் மாறினால் வானில் அதன் இடம் மாறும், அதனால் வீட்டுக்கு வீடு டிஷ் ஆண்டெனாவைத் திருப்ப வேண்டிவரும். அந்தச் செலவு சன் டைரக்டின் தலையில் விழுந்தது. சன் டிவி சேனல்களோ கேபிளிலும் மற்ற டிடிஎச் சேவைகளிலும் வழக்கம்போல் ஓடின.

ரேடியோ: ஒரே பெயர், மூன்று அடுக்கு

தமிழ்நாட்டின் பல ஊர்களில் 93.5 திருப்பினால் சூரியன் எஃப்எம். சென்னை, கோவை, மதுரை, திருச்சி எல்லாமே ஒரே நிலையம் போலத் தோன்றும். சட்டப்படி ஒவ்வோர் ஊரும் தனி உரிமம். நிறுவனத்தின் ஆண்டறிக்கைகள் நீண்ட காலமாகக் காட்டிவந்த அமைப்பு இது:

1. சென்னை, கோவை, திருநெல்வேலி: பட்டியலிட்ட சன் டிவி நெட்வொர்க்கே நேரடியாக நடத்துவது. தனியார் எஃப்எம் உரிமங்களை அரசு கட்டம் கட்டமாக ஏலம்விட்டபோது முதல் கட்டத்தில் கிடைத்தவை.
2. தென் மாநிலங்களின் மற்ற நகரங்கள்: கல் ரேடியோஸ் என்ற துணை நிறுவனம். இதன் பங்குகள் ஏறக்குறைய முழுவதும் சன் டிவி நெட்வொர்க்கிடம்.
3. பிற மாநிலங்கள்: சவுத் ஏசியா எஃப்எம் என்ற கூட்டு நிறுவனம். இதிலும், இதன் வழியாக வேறு சில கம்பெனிகளிலும் ரெட் எஃப்எம் நிலையங்கள். ரெட் எஃப்எம் 2002இல் இந்தியா டுடே குழுமம் தொடங்கியது, பின்னர் கைமாறியது.

மூன்றாவது அடுக்கில் கணக்கு படிப்பவர்கள் தடுமாறுவார்கள். சவுத் ஏசியா எஃப்எம்மில் சன் டிவி நெட்வொர்க்கின் பங்கு பாதிக்கு மேல். இருந்தும் அது துணை நிறுவனமாகக் காட்டப்படாமல் கூட்டு நிறுவனமாகக் காட்டப்பட்டது. இந்தியக் கணக்கியல் தரநிலைகள் பங்கு விழுக்காட்டோடு நிற்பதில்லை, முக்கிய முடிவுகளைத் தனியாக எடுக்க முடிகிறதா என்றும் கேட்கின்றன. மற்றப் பங்காளியின் சம்மதம் இல்லாமல் முடிவெடுக்க முடியாது என்று ஒப்பந்தம் இருந்தால் அது கூட்டு நிறுவனம். அப்போது அந்த ரேடியோ நிலையங்களின் விளம்பர வருவாய் சன் டிவியின் ஒருங்கிணைந்த விற்றுமுதலில் சேராது. லாபத்திலோ நட்டத்திலோ உள்ள பங்கு மட்டும் ஒற்றை வரியில் வரும். ரெட் எஃப்எம் நாடு முழுக்க ஒலித்தும் "ரேடியோ வருவாய் இவ்வளவு குறைவாகவா?" என்று ஆண்டறிக்கையைப் பார்த்து வியப்பவர்களுக்கு விடை இதுதான்.

ஏன் இத்தனை கம்பெனிகள்? உரிமங்கள் வெவ்வேறு கட்ட ஏலங்களில் வந்தது ஒரு காரணம். வெளிநாட்டு முதலீட்டு வரம்பு இன்னொன்று. இரண்டாம் கட்டத்தில் எஃப்எம் கம்பெனியில் வெளிநாட்டுப் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அது பின்னர் 26, 2015 இறுதியில் 49 என்று உயர்ந்தது. வெளிநாட்டுப் பங்காளி சில நகரங்களின் ரேடியோவில் மட்டும் பணம் போட விரும்பினால், அந்த நகரங்களைத் தனிக் கம்பெனியில் வைப்பதுதான் எளிய வழி.

உடைமை வரம்புகளும் இங்கே உண்டு. மூன்றாம் கட்ட விதிகளின்படி, ஒரு நகரத்தில் உள்ள தனியார் அலைவரிசைகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஒரே தரப்பு வைத்திருக்கக் கூடாது. அங்கே குறைந்தது மூன்று வெவ்வேறு நிறுவனங்களாவது இருக்க வேண்டும். எட்டு அலைவரிசை உள்ள ஊரில் 40 விழுக்காடு 3.2 ஆகிறது, எனவே உச்சம் மூன்று. நாடு முழுவதற்கும் 15 விழுக்காடு என்ற இன்னொரு வரம்பு இருந்தது. துணை நிறுவனம், தாய் நிறுவனம், ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள கம்பெனி எல்லாம் ஒன்றாகவே எண்ணப்பட்டதால், கம்பெனிகளைப் பிரித்து வைத்து இந்த வரம்பிலிருந்து தப்ப முடியாது. 2023இல் மத்திய அரசு 15 விழுக்காட்டு வரம்பை நீக்கியது. ஒரே நிர்வாகத்துக்குள் உரிமங்களைக் கம்பெனி விட்டுக் கம்பெனி மாற்றுவதற்கு இருந்த மூன்று ஆண்டுக் காலக் கட்டுப்பாடும் அப்போதே போனது. ரேடியோ கம்பெனிகளை இணைப்பது, பிரிப்பது எல்லாம் இதனால் எளிதாகிவிட்டன. மேலே சொன்ன மூன்றடுக்கின் பங்கு விகிதங்களை அந்தந்த ஆண்டின் அறிக்கையில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

ஒரே 93.5 பல ஊர்களில் எப்படிச் சாத்தியம் என்பதும் பலருக்குள்ள கேள்வி. எஃப்எம் அலை தொலைவு செல்லாது. உரிமத்தில் நகரத்தின் வகைப்படி ஒலிபரப்புத் திறன் குறிக்கப்பட்டிருக்கும்: ஏ-பிளஸ் நகரங்களுக்கு 25 முதல் 50 கிலோவாட், ஏ வகைக்கு 10 முதல் 30, பி வகைக்கு 5 முதல் 15, சி வகைக்கு 3 முதல் 10, டி வகைக்கு 1 முதல் 3. போதிய தொலைவில் உள்ள இரண்டு ஊர்கள் ஒரே எண்ணைப் பயன்படுத்தலாம். நெடுஞ்சாலையில் காரில் போகும்போது, நடுவழியில் ஒரு நிலையத்தின் பாட்டு திடீரென்று அறுந்து இன்னோர் ஊர் நிலையத்தின் பேச்சு வருவது இதனால்தான். எஃப்எம் ரிசீவர் இரண்டு அலைகளில் வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். வலு ஏறத்தாழச் சமமாக இருக்கும் சில கிலோமீட்டருக்கு அது இங்கும் அங்கும் தாவும். அது ரேடியோப் பெட்டியின் பழுது இல்லை.

டிவிக்குக் கட்டணம், ரேடியோவுக்கு ஏலம்

ஒரே உரிமையாளர் நடத்தும் இரண்டு தொழில்களில் ஒன்று ஏன் கொழிக்கிறது, மற்றது ஏன் திணறுகிறது என்பதற்குப் பெரிய காரணம் இந்தப் பகுதியில் இருக்கிறது.

டிவி சேனலுக்கு ஏலம் கிடையாது. தகுதி உள்ள கம்பெனி விண்ணப்பித்தால், 2022இல் புதுப்பிக்கப்பட்ட அப்லிங்க் (சேனலைச் செயற்கைக்கோளுக்கு மேலேற்றுவது), டவுன்லிங்க் (அங்கிருந்து கீழே பெறுவது) வழிகாட்டு நெறிகளின்படி பத்தாண்டு அனுமதி கிடைக்கும். பொழுதுபோக்குச் சேனலுக்கு நிகர மதிப்பு ரூ.5 கோடி, கூடுதல் சேனல் ஒவ்வொன்றுக்கும் ரூ.2.5 கோடி இருக்க வேண்டும். செய்திச் சேனலுக்கு ரூ.20 கோடி, கூடுதலுக்கு ரூ.5 கோடி. இந்தியாவிலிருந்து மேலேற்றும் சேனலுக்கு ஆண்டுக் கட்டணம் அப்லிங்க்குக்கு ரூ.2 லட்சம், டவுன்லிங்க்குக்கு ரூ.5 லட்சம். ஆயிரம் கோடிக் கணக்கில் வருவாய் ஈட்டும் நிறுவனத்துக்கு இது சுமையே இல்லை. வருவாய் இரட்டிப்பானாலும் கட்டணம் அப்படியே நிற்கும்.

எஃப்எம் அலைவரிசைகள் ஒவ்வோர் ஊரிலும் எண்ணி வைத்தவை. எனவே ஏலம். வென்றவர் ஏலத்தொகையை ஒரே தடவையில் முன்பணமாகக் கட்ட வேண்டும், அது திரும்பாது. அதற்குமேல் ஆண்டுக் கட்டணம் வேறு: மொத்த வருவாயில் 4 விழுக்காடு, அல்லது அந்த ஊருக்கான ஏலத்தொகையில் 2.5 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது.

சிக்கல் "எது அதிகமோ அது" என்ற பகுதியில். கற்பனையாக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஏலத்தொகை ரூ.100 கோடி என்றால் 2.5 விழுக்காடு ரூ.2.5 கோடி. நிலையத்தின் ஆண்டு வருவாய் ரூ.20 கோடி என்றால் 4 விழுக்காடு ரூ.80 லட்சம். கட்ட வேண்டியது ரூ.2.5 கோடி, அதாவது வருவாயில் 12.5 விழுக்காடு. வருவாய் ரூ.10 கோடியாகச் சரிந்தாலும் அதே ரூ.2.5 கோடிதான். விளம்பரம் வற்றிய பெருந்தொற்றுக் காலத்தில் வானொலித் துறை பட்ட பாட்டில் இந்தக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு. ஏலத்தொகையோடு கட்டணத்தைப் பிணைப்பதை விட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. 2024 ஆகஸ்டில் 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம்விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, அவற்றுக்கு வருவாயில் 4 விழுக்காடு மட்டுமே என்று வைத்தது.

பெரிய நகரங்களில் அதிக விலைக்கு ஏலம் எடுத்த எந்த நிறுவனத்துக்கும் இந்த அடிப்படைக் கட்டணம் ஒரு கழுத்துச் சுருக்கு. செலவைக் குறைக்க அவர்கள் செய்வது, ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர்களில் ஒலிபரப்புவது. மூன்றாம் கட்ட விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் அன்றாட ஒலிபரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது அந்த ஊருக்கு உரியதாக இருக்க வேண்டும். உள்ளூர்க் குரல் காலையிலும் மாலையிலும் மட்டும் கேட்பது இந்தக் கணக்கின் விளைவு. கேட்பவர்களுக்கு இது இழப்புதான். எஃப்எம் ரேடியோவின் உயிரே ஊர்ப்பேச்சில் இருக்கிறது.

செய்தி: சன் நியூஸ் உண்டு, சூரியனில் செய்தி இல்லை

டிவியில் தனிச் செய்திச் சேனல் நடத்தும் நிறுவனம், தன் ரேடியோவில் ஒரு நிமிடச் செய்திகூடச் சொந்தமாகத் தயாரித்து வாசிக்க முடியாது. தனியார் எஃப்எம்மில் ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். போக்குவரத்து, வானிலை, உள்ளூர் விளையாட்டு வர்ணனை, தேர்வு முடிவு, குடிநீர், மின்சாரம் போன்ற அறிவிப்புகள் செய்தியாகக் கருதப்படுவதில்லை, எனவே அவற்றுக்குத் தடை இல்லை. மணிக்குப் பத்து நிமிடம்வரை செய்தியை அனுமதிக்கலாம் என்று டிராய் 2023இல் பரிந்துரைத்தது. டிவியிலும் கைப்பேசியிலும் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும் செய்தியை ரேடியோவில் மட்டும் தடுப்பதற்கு இனி எந்த நியாயமும் இல்லை.

செய்திச் சேனலை வைத்திருப்பதற்கு இன்னொரு விளைவு உண்டு. பொழுதுபோக்குச் சேனல் கம்பெனியில் 100 விழுக்காடு வெளிநாட்டு முதலீடு போகலாம். செய்திச் சேனலுக்கு 49தான், அதுவும் அரசு அனுமதியோடு. வரம்பு கம்பெனிக்குப் பொருந்துவது என்பதால், முப்பது சேனல்களில் ஒன்றிரண்டு செய்தியாக இருந்தாலும் மொத்தக் கம்பெனியும் 49க்குள் நிற்க வேண்டும். பல ஊடக நிறுவனங்கள் செய்தியைத் தனிக் கம்பெனியில் ஒதுக்கி வைப்பது இதற்காகத்தான்.

ரூ.19 எங்கே போகிறது

சன் டிவியின் தனி விலை மாதம் ரூ.19. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் கட்டண முறைப்படி அது இப்படிப் பிரிகிறது:

1. பார்வையாளர் 18 விழுக்காடு ஜிஎஸ்டியோடு ரூ.22.42 கட்டுகிறார்.
2. விலையில் 20 விழுக்காடு, அதாவது ரூ.3.80, விநியோகிக்கும் கேபிள் அல்லது டிடிஎச் நிறுவனத்துக்கு.
3. ஒளிபரப்பாளர் விரும்பினால் ஊக்கத் தள்ளுபடியாக மேலும் 15 விழுக்காடுவரை, அதாவது ரூ.2.85வரை, விநியோகிப்பவருக்குக் கொடுக்கலாம்.
4. சன் டிவி நெட்வொர்க்குக்குக் கிடைப்பது ரூ.12.35க்கும் ரூ.15.20க்கும் இடையில்.

சன் டைரக்ட் வாடிக்கையாளர் விஷயத்தில், ரூ.3.80 முதல் ரூ.6.65வரை குடும்பத்தின் தனியார் கம்பெனிக்கும், மீதி பொதுப் பங்குதாரர்கள் உள்ள கம்பெனிக்கும் போகிறது. ஊக்கத் தள்ளுபடி எவ்வளவு என்பது சிறு முதலீட்டாளருக்கு ஏன் முக்கியம் என்று இப்போது விளங்கும். தள்ளுபடி எல்லா விநியோகஸ்தர்களுக்கும் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும் என்பது டிராய் விதி. தொடர்புடைய கம்பெனிகளோடு செய்யும் வணிகத்தைத் தணிக்கைக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும், ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்பது செபி விதி.

நடைமுறையில் பெரும்பாலானோர் தனிச் சேனலை வாங்குவதில்லை, தொகுப்பாகவே வாங்குகிறார்கள். தொகுப்புக்கு 45 விழுக்காடுவரை தள்ளுபடி தரலாம். தனி விலையின் கூட்டல் ரூ.60 என்றால் தொகுப்பை ரூ.33க்குத் தரலாம். ரூ.19க்கு மேல் விலையுள்ள சேனலைத் தொகுப்பில் சேர்க்க முடியாது. பெரிய சேனல்களின் விலை எல்லா நிறுவனங்களிலும் ரூ.19இல் வந்து நிற்பதற்கு இதுவே காரணம். யாரும் பார்க்காத சேனலையும் இந்த முறையில் முதன்மைச் சேனலோடு சேர்த்தே விற்க முடிகிறது.

அண்மை ஆண்டுகளில் இந்த நிறுவனத்தின் சந்தா வருவாய் விளம்பர வருவாயை முந்திவிட்டது. இணைய வீடியோவுக்கு விளம்பரம் நகரும்போது டிவி நிறுவனங்கள் சந்தாவைப் பற்றிக்கொள்வது இயல்பு. ஆனால் கேபிளையும் டிடிஎச்சையும் விட்டு வீடுகள் விலகத் தொடங்கினால் அந்தப் பிடியும் தளரும்.

அரசு எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்க முடியாது

ஒரே உரிமையாளர் டிவி, ரேடியோ, நாளிதழ், கேபிள் எல்லாம் வைத்திருப்பதைத் தடுக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. டிராய் 2009இலும் 2014இலும் ஊடக உடைமை பற்றிப் பரிந்துரைகள் கொடுத்தது. அவை சட்டமாகவில்லை. அரசின் கையில் இருக்கும் கூர்மையான கருவி உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு அனுமதி. 2014இல் அந்த அனுமதி இல்லை என்று கல் கேபிள்ஸின் உரிமம் ரத்தானது, சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. 2015 எஃப்எம் ஏலத்திலும் நிறுவனர் தரப்பு மீது நிலுவையில் இருந்த வழக்குகளைக் காட்டி அனுமதி மறுக்கப்பட்டது, நீதிமன்ற உத்தரவின் பேரில் ரேடியோ கம்பெனிகள் ஏலத்தில் கலந்துகொண்டன. அவற்றில் ஒன்றான ஏர்செல்-மேக்சிஸ் வழக்கிலிருந்து கலாநிதி மாறனும் அவர் சகோதரர் தயாநிதி மாறனும் 2017 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டார்கள். உடைமைக் குவிப்பைத் தடுக்கத் தெளிவான வரம்பு வேண்டும். பாதுகாப்பு அனுமதியை அதற்கு மாற்றாகப் பயன்படுத்துவது, ஆட்சியில் இருப்பவர் எவராயினும், ஊடகத்தின் கழுத்தில் கை வைக்கும் வாய்ப்பைத் தருகிறது.

சரிபார்ப்பது எப்படி

1. சேனல் எந்தக் கம்பெனியுடையது என்பதைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிடும் அனுமதி பெற்ற சேனல்களின் பட்டியலில் பாருங்கள். சேனல் பெயருக்குப் பக்கத்தில் கம்பெனியின் சட்டப் பெயர் இருக்கும். லோகோவை நம்ப வேண்டாம்.
2. ஆண்டறிக்கையில் ஏஓசி-1 படிவத்தைத் தேடுங்கள். துணை நிறுவனம், இணை நிறுவனம், கூட்டு நிறுவனம் ஒவ்வொன்றும் பங்கு விழுக்காட்டோடு அதில் வரும். தனிக் கம்பெனி ஒன்றின் பெயர் அங்கே இல்லை என்றால் அது இந்தக் கம்பெனியின் கையில் இல்லை.
3. தொடர்புடைய தரப்பினர் பற்றிய குறிப்பைப் படியுங்கள். சன் டைரக்ட், கல் கேபிள்ஸ் போன்றவை அங்கே தென்படும். அங்கே பெயர் இருப்பது வணிக உறவைக் காட்டுகிறது, உடைமையை அல்ல. அதிகம் பேர் வழுக்கும் இடம் இது.
4. தனிக் கணக்கையும் ஒருங்கிணைந்த கணக்கையும் கலக்காதீர்கள். கல் ரேடியோஸின் வருவாய் ஒருங்கிணைந்த கணக்கில் மட்டும் தெரியும்.
5. பங்கு விவரம் காலாண்டுக்கு ஒருமுறை பங்குச் சந்தை இணையதளங்களில் வரும். நிறுவனர் பங்கு, வெளிநாட்டு முதலீட்டாளர் பங்கு இரண்டையும் அங்கே பார்க்கலாம்.

ரேடியோ உரிமங்களுக்கு இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்கு மாறிய நிலையங்களின் 15 ஆண்டு உரிமம் 2015 ஏப்ரல் 1இல் தொடங்கியது, எனவே 2030 மார்ச் 31இல் முடிகிறது. சன் தரப்புக்கு மட்டுமல்ல, அப்படி மாறிய எல்லா எஃப்எம் நிறுவனங்களுக்கும் இதே நாள்தான். டிவி அனுமதியைப் புதுப்பிப்பது பெரும்பாலும் விண்ணப்ப வேலை. அலைவரிசைக்கு அரசு மறுபடியும் ஏலம் வைக்குமா, கட்டணம் நிர்ணயித்து நீட்டிக்குமா என்பதைப் பொறுத்துத்தான் எந்தெந்த ஊர் நிலையத்தைத் தொடர்ந்து நடத்துவது என்று நிறுவனங்கள் முடிவெடுக்கும்.